மலாகியின் பின்கண்ணாடி

இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டி, ஏறினவர்களில் ஒருவருக்குக்கூட நகக்கண்ணில் காயம் படாமல் இறக்கிவிட்டவனைப் பத்திரமான ஓட்டுநர் என்று சொல்லிவிடலாமா? மலாகியைத் தெரியாதவர்கள் தாராளமாகச் சொல்லலாம் என்பார்கள். தெரிந்த எங்களுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒருவரைப் பத்திரமாகக் கொண்டுபோவது என்றால் அவரைக் குலுக்காமல் கொண்டுபோவதா, அல்லது அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொண்டுபோவதா? இரண்டும் ஒன்றுதான் என்று அந்தச் சனிக்கிழமை வரை நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புகழ்ந்து எழுத மலாகியிடம் அதிகம் இல்லை. பிடிவாதக்காரன். சிரிப்பு சீக்கிரம் வராது. கோயிலில் பாடினால் சுருதி சேராது. எங்கள் ஊர் தென்கடலில், சவாயித் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து படகுத்துறைக்குப் போகக் கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் ஆட்களையும் சேப்பங்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போவான், மத்தியானம் அரிசியும் சிமெண்டும் டின் மீனும் ஏற்றிக்கொண்டு திரும்புவான். ஜப்பானிலிருந்து பழசாக வந்த வெள்ளை பிக்கப் அது. பின்தொட்டியில் இரண்டு பக்கமும் பலகை போட்டிருந்தான். நடுவில் சரக்கு, ஓரங்களில் ஆட்கள்.

அந்தத் தொட்டிக்கு அவன் வைத்திருந்த சட்டங்கள் போதகரின் பத்துக் கட்டளையைவிட எங்களுக்கு நன்றாக மனப்பாடம். கனமான மூட்டை பின்னச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். மூட்டை மேல் யாரும் உட்காரக் கூடாது. பின்கதவில் கால் தொங்கக் கூடாது. பன்றியைக் கட்டினால் தனிக் கயிறு. குழந்தைகள் கண்ணாடிப் பக்கம், அவன் பார்வையில். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால்தான் அதிகம் பார்க்கிறான் என்று கேலி செய்வார்கள். அது உண்மைதான். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில், முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னலான பின்கண்ணாடி வழியாகத் தொட்டி முழுவதும் தெரியும். யாராவது எழுந்து நின்றால் வண்டி நின்றுவிடும். அவர் உட்கார்ந்த பிறகுதான் கிளம்பும். வேகம் முப்பத்தைந்து.

பின்னால் இருப்பவர்கள் அவனிடம் பேச, கூரையில் தட்டுவதுதான் வழி. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டதில்லை.

தேங்காய்ப்பால் பன் விற்கும் தூலி அவன் வண்டியில் தினமும் போகிறவள். அவள் வாயை அடக்க ஆள் கிடையாது.

"டேய் மலாகி, இந்தக் கயித்தை நீ கட்டி அவுக்கறதுக்குள்ள என் பன்னுல பாதி ஊசிப்போகுது."

"ஊசினா பன்னிக்குப் போடு. ரோட்டுல சிந்தினா யாருக்கும் இல்ல."

"நேத்து கப்பலை விட்டோமே, அது யாரால?"

"நாளைக்கும் ஒரு கப்பல் இருக்கு. நாளைக்கு உனக்குக் கால் இருக்கணும்ல?"

"இவனுக்குப் பொண்ணு கொடுத்தாங்களே, அந்தப் பொண்ணைக் கோயிலுக்கும் கயிறு போட்டுத்தான் கட்டிக் கூட்டிட்டு வந்திருப்பான்."

தொட்டியே சிரிக்கும். அவன் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான். கப்பலைத் தவறவிட்டவர்கள் திட்டினார்கள், மறுநாளும் அவன் வண்டியில்தான் ஏறினார்கள்.

அவனுடைய தங்கை பெனினா. மூன்று வீடு தள்ளி, கடற்கரை ஓரமாகக் கணவன் வீட்டில் இருந்தாள். எங்கள் பக்கம் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இருப்பதைப் பாசம் என்று மட்டும் சொல்ல மாட்டோம், உடன்படிக்கை என்போம். முதல் கிழங்கு தங்கைக்கு, முதல் மீன் தங்கைக்கு. அவள் இருக்கிற இடத்தில் அண்ணன் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சட்டை இல்லாமல் வரக் கூடாது. உடம்பு சம்பந்தமாக, அதிலும் பெண் உடம்பு சம்பந்தமாக, இருவர் காதும் இருக்கும் இடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பாதிதான் பார்க்கிறார்கள். மலாகி எதையும் பாதியாகச் செய்கிறவன் அல்ல. பெனினா வண்டியில் ஏறினால் முன் இருக்கை அவளுக்கு. சாவியை ஒன்றுவிட்ட தம்பி செபாவிடம் கொடுத்துவிட்டு இவன் பின்தொட்டியில் மூட்டையோடு உட்கார்ந்துகொள்வான். ஊரையே சுமந்தவன் இருபத்திரண்டு வருஷத்தில் தன் தங்கையை ஒரு தடவைகூடத் தானே ஓட்டிக் கூட்டிப்போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை பெனினாவுக்கு ஏழு மாதம். கணவன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். மலாகியின் மனைவி கடலுக்கு அப்பால் தலைநகர் ஆப்பியாவில் மகளோடு. செபா விடிகாலையே பாறைத்திட்டுக்கு அப்பால் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் வாரக்கடைசிக்குத் தன் ஊருக்குப் போயிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி கிழக்கே படகுத்துறைப் பக்கம்தான். மூன்றரை மணிக்கு மலாகி வீட்டு முன்னால் நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் கிழக்கே ஒரு கோயில் திறப்பு. அதற்கு எங்கள் ஊரின் பங்கு பதினான்கு மூட்டை கிழங்கு. உதவிக்கு இரண்டு மூன்று ஆண்கள்.

பெனினாவின் மாமியார் சியூவேனி வேகமாக வந்தாள். அறுபது வயதுக்காரி, ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மலாகி, பெனினாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"என்னாச்சு அத்தை?"

"உடம்பு சரியில்ல."

அவன் தலை குனிந்துகொண்டான். மேலே கேட்கவில்லை. கேட்க முடியாது. அவளும் மேலே சொல்லவில்லை. சுற்றிலும் ஆண்கள், எதிரே அண்ணன்.

"சீக்கிரம்பா," என்றாள்.

"இதோ."

இந்த இடத்தில்தான் அவனுடைய திறமை எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. கர்ப்பிணி. குலுங்கக் கூடாது. பிக்கப் காலியாகப் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும், பின்னால் பாரம் இருந்தால் பட்டை ஸ்பிரிங் படிந்து வண்டி மெத்தென்று போகும். இது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு அதிகமாகவே தெரியும். ஆகவே எல்லா மூட்டையையும் இறக்கினான். அதில் ஆறை எடுத்து அச்சுக்கு மேல் அணை போல இரண்டு பக்கமும் அடுக்கினான். நடுவில் காய்ந்த தென்னோலை, அதன் மேல் தன் வீட்டு மெத்தை. மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினான். மேலே வெயிலுக்குத் தார்ப்பாய். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான்.

சியூவேனி கையைப் பிசைந்துகொண்டே நின்றாள். "போதும்பா... போதும் மலாகி..."

"இருங்க அத்தை. இந்த மூட்டை சரிஞ்சா அவ மேலதான் விழும்."

கடைசியாக, தன் பெட்டியிலிருந்து பூப்போட்ட லாவாலாவா ஒன்றை எடுத்து வந்தான். இடுப்பில் சுற்றிக்கொள்கிற அந்தத் துணியை விரித்து, உள்பக்கமாகப் பின்கண்ணாடி முழுவதையும் மறைத்துக் கட்டினான். தங்கை படுத்திருப்பது அவன் கண்ணில் படக் கூடாது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அதற்குப் பிறகு சிவப்புப் பூக்கள்தான் தெரிந்தன.

நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு நிமிஷம்கூட அவன் அலட்சியமாகச் செலவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

கடற்கரை வீட்டில் பெண்கள் பெனினாவைப் பாயோடு தூக்கி ஏற்றும்வரை அவன் வண்டிக்கு முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சியூவேனி ஏறி மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் வரவில்லை. பாரம் போதும் என்று மலாகிதான் சொல்லியிருந்தான். கூரையில் இரண்டு தட்டு. வண்டி கிளம்பியது.

பின்னால் நடந்தது சியூவேனி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மத்தியானமே ரத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம்தான், நின்றுவிடும் என்று பெனினா யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஏறும்போது இரண்டாவது துணி நனைந்திருந்தது. எங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது மூன்றாவது. வண்டி தொட்டில் மாதிரி போனது. பள்ளம் வந்தால் கிட்டத்தட்ட நின்று, ஒவ்வொரு சக்கரமாக இறங்கி ஏறியது. ஆடு குறுக்கே வந்தால் ஆடு போகும்வரை காத்திருந்தது. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

முதல் கால் மணி நேரம் சியூவேனி பொறுத்தாள். பிறகு கூரையைப் படபடவென்று அடித்தாள்.

வண்டி உடனே நின்றது.

மலாகி இறங்கினான். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றபடி கேட்டான்: "என்ன அத்தை? ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழல. போப்பா."

"கயிறு தளர்ந்துச்சா?"

"இல்ல! போ, சீக்கிரம் போ!"

"தளர்ந்த மாதிரி இருந்தா சொல்லுங்க." உள்ளே பார்க்காமல், கையால் தடவியே நான்கு மூலை முடிச்சையும் சரிபார்த்தான். பார்த்துவிட்டுப் போய் ஏறினான். 'சீக்கிரம்' என்ற வார்த்தையை அவன் வாழ்நாள் முழுவதும் பயணிகளிடமிருந்து கேட்டிருக்கிறான். அதற்கு இணங்காததுதான் அவன் தொழில்.

இன்னும் அரை மணி கழித்து அவள் மறுபடி அடித்தாள். மறுபடி நின்றது. மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை அவள் அழுதாள். "அவளுக்கு முடியலப்பா."

"குலுங்குதா?"

"அய்யோ, இல்லடா..."

"இன்னும் மெதுவாப் போறேன் அத்தை."

சொன்னபடியே செய்தான்.

அதற்குப் பிறகு கூரையைத் தொடவே பயந்தாள் சியூவேனி. தட்டினால் நிற்கிறது, தட்டாவிட்டால் ஊர்கிறது. அவளுக்கு வாய் இருந்தது. எட்டிப் பார்த்து, ரத்தம் போகிறது, உன் தங்கை சாகப்போகிறாள் என்று ஒரே மூச்சில் கத்தியிருக்கலாம். அறுபது வருஷம் சொல்லாமல் பழகிய வாய் அது. ஒரு ஆணிடம், அதுவும் பெனினாவின் அண்ணனிடம், பெனினா தன் மடியிலேயே படுத்துக்கொண்டு கேட்கும்போது அதைச் சொல்வது, மருமகளைத் தெருவில் நிறுத்தித் துணியை அவிழ்ப்பது போல அவளுக்கு இருந்தது. இப்போது யோசித்தால் நமக்கு எளிதாக இருக்கிறது. அந்தத் தொட்டியில் நாம் இல்லை.

ஆறரை ஆகும்போது பாதிக்கு மேல் தாண்டியிருந்தார்கள். அடுத்த ஊரில் மாலை ஜெபத்துக்கு மணி அடித்தார்கள். மரத்தில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை இரும்பால் அடிக்கும் சத்தம் வெகுதூரம் போகும். மற்ற ஊர்களில் ஜெப நேரத்தில் ரோட்டில் போகும் வண்டியை விட்டுவிடுவார்கள். இந்த ஊர் விடாது. ரோட்டின் இரண்டு பக்கமும் வாலிபர்கள் வரிசையாக நின்றார்கள். மலாகி அவர்கள் கை காட்டும் முன்பே நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.

ஒருவன் பக்கத்தில் வந்தான். முகம் தெரிந்த பையன், பலமுறை இவன் வண்டியில் ஏறியவன். குரலைத் தணித்துக்கொண்டான்.

"மலாகி அண்ணே, நீங்களா? என்ன இந்த நேரத்துல? கோயில் திறப்பு நாளைக்குத்தானே."

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

பையன் தார்ப்பாய்ப் பக்கம் பார்க்கப் போனவன் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டான். "என்ன பண்ணுது?"

மலாகி, "உடம்பு சரியில்ல," என்றான். அவனிடம் கொடுக்கப்பட்ட அதே வார்த்தையை அப்படியே எடுத்துக் கொடுத்தான். அவனிடம் வேறு இல்லை.

"சரிண்ணே. ஒரு பாட்டும் ஒரு ஜெபமும்தான். பத்து நிமிஷம். உங்களுக்குத் தெரியாததா."

அவனுக்குத் தெரிந்ததுதான். இறங்கி, வண்டிக்கு முன்னால் தலை குனிந்து நின்றான். வீடுகளில் பாட்டு தொடங்கியது. ஊரே பாடியது. மற்றபடி இலை அசையவில்லை.

இரண்டாவது சரணத்தில் பெனினா கண் திறந்தாளாம். "ஏன் நிக்குது?" என்று கேட்டாள். சியூவேனி, "ஜெபம்மா, இப்ப முடிஞ்சிடும்," என்றாள். பெனினா மாமியாரின் கையைத் தன் நெற்றியிலிருந்து தள்ளிவிட்டாள். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே கத்தினாள். அந்தக் குரலை அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

"அண்ணே! ரத்தம் நிக்கல! மத்தியானத்துலேருந்து போகுது! குழந்தை அசையல! நிக்காதண்ணே, போ!"

பக்கத்து வீட்டில் பாட்டு நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. மலாகி குனிந்த தலையோடு அப்படியே இருந்தான். ஒரு கணம்தான் என்கிறார்கள், எனக்கு அது நம்பும்படி இல்லை. அதற்குள் பையன்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"அண்ணே, ஏறுங்க! வண்டியை எடுங்க!"

"மூட்டை," என்றான் மலாகி. "வேகமாப் போனா மூட்டை அவ மேல சரியும்."

"டேய், மூட்டையைத் தள்ளுங்கடா!"

முடிச்சுகளை அவிழ்க்க முடியவில்லை. அவன் கட்டிய முடிச்சுகள். ஒருவன் வீட்டுக்குள் ஓடிப்போய் வெட்டுக்கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுத்தான். ஆறு மூட்டையும் ரோட்டோரம் விழுந்தன. இரண்டு மூட்டை வாய் பிரிந்து கிழங்கு உருண்டது. காலி வண்டி குதிக்குமே என்று மலாகி வாய் திறப்பதற்குள், மூட்டை இருந்த இடத்தில் ஆறு பையன்கள் ஏறி, மெத்தையின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு. ஒருவன் பின்கதவில் காலைத் தொங்கப்போட்டிருந்தான். மலாகி அதைப் பார்த்தான். ஏறி இன்ஜினைப் போட்டான்.

மிச்ச தூரத்தை அவன் எப்படி ஓட்டினான் என்பதை அந்தப் பையன்கள்தான் சொல்ல வேண்டும். இன்னும் மூன்று ஊர்களில் ஜெபம் முடியவில்லை. ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. கூரையில் அவர்கள் அடித்துக்கொண்டே வந்தார்கள், முரசு அடிப்பது போல, விடாமல். இப்போது அவனுக்கு அது புரிந்தது. பின்கண்ணாடியில் லாவாலாவா அப்படியே இருந்தது.

பெனினா பிழைத்தாள். பெண் குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர் ஆப்பியாவிலிருந்து வந்த இளம்பெண், அன்று முழுவதும் தூங்காத கண். சியூவேனியிடம்தான் அவள் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்: "இன்னும் ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தீங்கன்னா..." வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றவன் யாரென்று அவளுக்குத் தெரியாது.

அந்த ஒரு மணி எங்கே போனது என்று மலாகிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் கையாலேயே ஒவ்வொரு முடிச்சாக அதைக் கட்டியிருந்தான்.

மறுநாள் ஞாயிறு. சியூவேனி குழந்தையின் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டிக்கு அவன் கயிறு போடவில்லை. வழியில் அந்த ஊர்ப் பையன்கள் கிழங்குகளை எல்லாம் பொறுக்கி மூட்டையாக்கி, தென்னோலை போட்டு மூடி, நிழலில் அடுக்கி வைத்திருந்தார்கள். கை காட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை. ஊர் வந்து சேரும்வரை வேகம் முப்பத்தைந்துதான் இருந்ததாம்.

பெனினா வீடு திரும்பிய இரண்டாம் நாள் விடியும்போது, மலாகி அவள் கணவன் வீட்டு முற்றத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து உடம்பு முழுவதும், சடங்குகளுக்கென்று மெல்லிய ஓலையில் நெய்த நுண்பாய் ஒன்றால் மூடியிருந்தான். கொலை செய்தவனின் குடும்பம் இறந்தவனின் குடும்பத்திடம் அப்படித்தான் போய் உட்காரும். பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். முந்தின இரவே ஊர்த்தலைவர்கள் அவனிடம் சொல்லியிருந்தார்கள், இது முறை இல்லை, யாரும் உன்மேல் குற்றம் சொல்லவில்லை, தங்கை வீட்டில் போய் இப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. அவன் தலையாட்டினான். காலையில் போய் உட்கார்ந்துவிட்டான், தனியாக.

வீட்டு ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வெயில் ஏறியது. சியூவேனி இறங்கி வந்து பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருடா."

அவன் அசையவில்லை.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு வாய் இருந்துச்சு. அப்ப நான் எங்க போய் உட்காரட்டும், சொல்லு? யார் வீட்டு வாசல்ல?"

பாயை அவன் பக்கத்திலேயே விரித்து, அதன் மேல் அவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் வெயிலில் இருந்தார்கள். உள்ளேயிருந்து பெனினாவின் குரல் வந்தது, பலவீனமாக: "ரெண்டு பேருக்கும் கோக்கோ ஆறுது. வந்து குடிக்கச் சொல்லுங்க." அதற்குப் பிறகுதான் எழுந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். வண்டி இரண்டு மாதம் மாமரத்தடியில் நின்றது. மனைவி திரும்பி வந்தாள், அழுதாள், சமைத்தாள். அவன் தோட்டத்துக்குப் போனான், கிழங்கு நட்டான். தூலி வேறு வண்டியில் போய்க்கொண்டிருந்தாள், அதன் ஓட்டுநர் பையன் எண்பதில் ஓட்டுகிறான் என்று தினமும் மலாகி வீட்டு வாசலில் நின்று புகார் சொல்வாள். அவன் கேட்டுக்கொள்வான்.

பிறகு ஒருநாள் வண்டியை எடுத்தான். பின்கண்ணாடி இல்லை. உடைந்து போகவில்லை. ரப்பரோடு நேர்த்தியாகக் கழற்றி எடுத்திருந்தான். கண்ணாடி இருந்த சட்டம் வெறும் ஓட்டையாக இருந்தது. தொட்டியில் யார் முணுமுணுத்தாலும் அவன் காதில் விழுந்தது. மழை பெய்தால் முதுகு நனைந்தது. புழுதி உள்ளே வந்து கழுத்தில் அப்பியது. மூட்டை முன்னால் சரிந்தால் தடுக்க எதுவும் இல்லை, நேராக அவன் பிடரியில்தான் வந்து விழும். இதை அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"என்னடா இது, ஜன்னல் வெச்ச வீடு மாதிரி?" என்றாள் தூலி, ஏறி உட்கார்ந்துகொண்டு. "கண்ணாடி எங்க?"

அவன் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். நான் இங்க யாரைத் திட்டினாலும் உனக்குக் கேக்கும் போலிருக்கே."

அவன் ஏறி வண்டியை எடுத்தான்.

அந்த வருஷம் வண்டிப் பரிசோதனைக்குப் போனான். பிரேக், டயர், விளக்கு, எல்லாவற்றுக்கும் டிக் போட்ட அதிகாரி பின்னால் வந்து நின்றார். ஆட்களை ஏற்றும் வண்டிக்குப் பின்கண்ணாடி கட்டாயம். அவர் நல்ல மனிதர், மலாகியைப் பல வருஷமாகத் தெரியும். "போட்டுட்டு வாங்க, நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்களுக்குப் போய் நான் பத்திரம் சொல்லித்தரணுமா?" என்றார். மலாகி நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

பெனினாவின் கணவன் நியூசிலாந்திலிருந்து திரும்பும்போது, பழைய கண்ணாடி தொலைந்துவிட்டது என்று நினைத்து, அந்த வண்டிக்குச் சரியான புதுக் கண்ணாடி ஒன்றைப் போர்வையில் சுற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மலாகி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தான், போர்வையை அவிழ்க்காமல். கழற்றிய பழையது அதன் பக்கத்திலேயே இருந்தது.

ஆள் ஏற்றும் உரிமம் மார்ச் மாதத்தோடு காலாவதியானது. கண்ணாடியைப் பொருத்திப் புதுப்பிக்க அவனுக்கு அரைமணி வேலைகூட இல்லை. மனைவி கேட்டாள், போதகர் கேட்டார், தூலி வாசலில் நின்று கத்தினாள். ஏப்ரல் முதல் தேதி விடியற்காலையில் அவன் தொட்டியின் இரண்டு பலகைகளையும் கழற்றிக் கீழே வைத்தான். கிழங்கு மூட்டைகளை மட்டும் அச்சுக்கு மேல் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்கண்ணாடி இல்லாத அந்த வெறும் சட்டத்தோடு படகுத்துறைக்குக் கிளம்பினான்.